கம்பெனி கை மாறினால் வாடிக்கையாளரும் மாறுவாரா?

(நமது கூட்டமைப்பின் உற்பத்திக் குழுக்கள் கூட்டத்தில் விற்பனைக் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம்.)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க. சாப்பாட்டு மணிக்கு முன்னாடி பேசுறவங்க பாடு உங்களுக்கே தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

நம்ம குளியல் பொடிக் குழுவைத் தேடி டவுனில் இருந்து ஒரு மொத்த வியாபாரி வந்துட்டுப் போனார். அவர் கேட்பது பொடியை மட்டும் இல்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் பெயர், படம், அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துடுங்க, 2 லட்சம் ரூபாய் தர்றேன், 2 வருஷத்துக்கு ஆர்டரும் தர்றேன் என்கிறார். பதினாலு பேர் வேலை செய்யுற குழு. 2 லட்சம் சின்னத் தொகை இல்லை. அடுத்த மாசம் பொதுக்குழுவில் இதுக்கு நாம கை தூக்கணும். அதுக்கு முன்னாடி, பெரிய கம்பெனிகள் சின்ன சோப்பு, எண்ணெய், கிரீம் கம்பெனிகளை வாங்கினபோது அதை வாங்கிப் பழகின ஜனங்க என்ன செஞ்சாங்க என்று கொஞ்சம் பார்த்துடலாம் என்று படிச்சேன். அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல நம்ம குளியலறையில இருந்தே ஆரம்பிக்கலாம். ஹமாம் சோப்பு யார் கம்பெனி? கை தூக்குங்க பார்ப்போம். (சிலர் கை தூக்கினார்கள்.) ரெண்டு பேர் டாடான்னு சொல்றீங்க. ஒரு காலத்துல சரி. டாடா எண்ணெய் ஆலை, டாம்கோ என்று சொல்லுவாங்க, அவங்க சோப்புதான் ஹமாம். 1993-ல் அந்த டாம்கோவை அப்படியே ஹிந்துஸ்தான் லீவரோடு இணைச்சுட்டாங்க. தொழிலாளர் சங்கம் ஒத்துக்கொள்ளாமல் சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. 1994-ல் கோர்ட் இணைப்பு செல்லும் என்று சொல்லிடுச்சு. கம்பெனிக்குள்ளே இவ்வளவு நடந்திருக்கு. எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. வெள்ளிக்கிழமை மளிகைச் சீட்டுல "ஹமாம் 3" என்றுதான் எழுதினாங்க, அடுத்த வருஷமும் அப்படித்தான் எழுதினாங்க. இப்பவும் நம்ம தமிழ்நாட்டில் நல்லா விக்கிற சோப்பு அது.

லாக்மேயும் அப்படித்தான். 1950களில் டாடா தொடங்கினது. 1998-ல் லீவருக்கு 200 கோடிக்குப் போச்சு. கல்யாணப் பெண்ணுக்கு மை வாங்குறவங்க யாராவது அன்னைக்குக் கடையில நின்னு "முதலாளி மாறிட்டாரா?" என்று கேட்டிருப்பாங்களா? கேட்டிருக்க மாட்டாங்க.

அப்ப வாடிக்கையாளர் முதலாளியைப் பார்க்கிறதே இல்லை, யார் வாங்கினா என்ன, அப்படின்னு முடிவு கட்டிடலாமா? நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் பாடி ஷாப் கதையைப் படிச்சேன். அது வேற மாதிரி போகுது. கொஞ்சம் நீளமான கதை, ஆனா நம்ம மாதிரி ஒரு பொம்பளை ஆரம்பிச்சது. அதனால பொறுமையா கேளுங்க.

இங்கிலாந்தில் பிரைட்டன் என்று ஒரு கடலோர ஊர். அங்கே 1976 மார்ச் மாசம் அனிதா ராடிக் என்ற பெண் சின்னதா ஒரு கடை போட்டார். ரெண்டு பெண் குழந்தைகள். வீட்டுக்காரர் நீண்ட பயணம் கிளம்புகிறார், குடும்பம் நடத்த வழி வேணும். 4,000 பவுண்டு கடன் கேட்டு பேங்குக்கு டி-சர்ட் போட்டுக்கிட்டு, குழந்தைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கார். மேனேஜர் இல்லைன்னுட்டார். அப்புறம் வீட்டுக்காரரோடு ஒழுங்கா உடுத்திக்கிட்டுப் போனதும் கடன் கிடைச்சுது! பேங்க் வாசலில் இந்த அனுபவம் நமக்கு மட்டும்தான் என்று நினைச்சுக்கிட்டிருந்தேன். அந்த ஊரிலும் இருந்திருக்கு.

காசு பத்தாததால பாட்டில் கொஞ்சமாத்தான் வாங்க முடிஞ்சுது. அதனால காலி பாட்டிலைக் கொண்டு வாங்க, ரொப்பித் தர்றேன் என்றார். சுவர் ஈரம் தெரியக் கூடாதுன்னு கரும்பச்சை பெயிண்ட் அடிச்சார். அந்தப் பச்சைதான் பிறகு உலகம் முழுக்க அந்தக் கடையின் அடையாளம் ஆச்சு. ரெண்டாவது கடைக்குப் பணம் இல்லாதபோது, தெரிஞ்ச ஒரு கராஜ்காரரிடம் 4,000 பவுண்டு வாங்கிக்கிட்டு வியாபாரத்தில் பாதியை அவருக்கு எழுதிக் கொடுத்தார். 30 வருஷம் கழிச்சு அந்தப் பங்குக்காக அவருக்குக் கிடைச்சது பத்து கோடி பவுண்டுக்கும் மேலே. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்கோங்க. பணம் நெருக்குற நேரத்துல எதை எழுதிக் கொடுக்கிறோம் என்பது அன்னைக்குத் தெரியாது.

சரி, அந்தக் கடையில் ஜனங்க எதுக்குப் போனாங்க? கிரீம் நல்லா இருந்துச்சு, அது ஒண்ணு. ஆனா அதைவிட, அந்தக் கடை என்ன சொல்லுது என்பதுக்காகப் போனாங்க. முயல், எலியின் கண்ணுல மருந்து ஊத்திச் சோதிக்கிறது கூடாது என்று போஸ்டர் ஒட்டினாங்க, கையெழுத்து வாங்கினாங்க. ஏழை நாட்டுச் சனங்களிடம் நேரா சரக்கு வாங்கி நியாயமான விலை கொடுப்போம் என்று 1987-ல் ஒரு திட்டம் தொடங்கினாங்க. நம்ம மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் டெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனம் அந்தத் திட்டத்தில் ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தது. கால் தேய்க்கிற மர உருளை, துணிப்பை எல்லாம் திருமங்கலத்துப் பெண்கள் கையால செஞ்சு லண்டன் கடைக்குப் போச்சு. இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கடையின் சரக்கு. வாங்குறவங்க கிரீமோடு சேர்த்து ஒரு வாக்கையும் வாங்கிட்டுப் போனாங்க.

2006 மார்ச்சில் பிரான்ஸ் நாட்டு லோரியல் கம்பெனி பாடி ஷாப்பை 65 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கு வாங்குறதா அறிவிப்பு வந்துச்சு. அன்றைய கணக்கில் நம்ம பணம் சுமார் 5,000 கோடி. உடனே சத்தம் கிளம்பிடுச்சு. லோரியல்காரங்க, தயாரான பொருளை விலங்குகள் மேல் சோதிப்பதை 1989-லேயே நிறுத்திட்டோம் என்றாங்க. மூலப்பொருளைச் சோதிக்கிறீங்களே என்று எதிர்த்தவங்க கேட்டாங்க. இன்னொண்ணும் இருந்துச்சு. லோரியலில் கால் பங்குக்கு மேல் நெஸ்லேயிடம் இருந்தது. தாய்ப்பாலுக்குப் பதிலா மாவுப்பாலை ஏழை நாடுகளில் விளம்பரம் செய்யுறாங்கன்னு நெஸ்லே சரக்கையே வாங்காமல் பல வருஷமா இருந்தவங்க அந்த ஊரில் நிறையப் பேர். அவங்களேதான் பாடி ஷாப்புக்கும் வாடிக்கை. நான் கொடுக்கிற காசு சுத்திச் சுத்தி அங்கேயே போகுதே என்று அவங்களுக்கு வயித்தெரிச்சல். சில அமைப்புகள் இனி பாடி ஷாப்பில் வாங்காதீங்கன்னே சொல்லிட்டாங்க.

அனிதா அம்மா என்ன சொன்னார் என்றால், நான் உள்ளே போனால் அந்தப் பெரிய கம்பெனியையே மாத்திடுவேன், கோட்டைக்குள்ளே போன மரக்குதிரை மாதிரி என்றார். நம்பினவங்களும் உண்டு, சிரிச்சவங்களும் உண்டு. அடுத்த வருஷம், 2007 செப்டம்பரில், அவர் காலமாயிட்டார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கிரீம் மாறலை. விலங்குகள் மேல் சோதிக்க மாட்டோம் என்ற பாடி ஷாப்பின் கொள்கையையும் விடலை. கடைகளும் ஒரே நாளில் காலியாகலை, வருஷக்கணக்கா வியாபாரம் நடந்துச்சு. மாறினது ஒண்ணுதான்: "இது நம்ம ஆளோட கடை" என்ற நினைப்பு. அந்த நினைப்புக்காக வந்தவங்களுக்குப் போக வேற இடமும் இருந்துச்சு. முன்னே பாடி ஷாப்புக்கே சரக்கு செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்தவங்க 1995-ல் லஷ் என்று தனிக் கடை ஆரம்பிச்சிருந்தாங்க. கையால செஞ்ச சோப்பு, விலங்குச் சோதனை இல்லை, அதே பேச்சு. பிறகு எல்லாப் பெரிய கம்பெனியும் "இயற்கை", "மூலிகை" என்று எழுத ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் பாடி ஷாப்புக்குன்னு தனியா என்ன இருக்கு?

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடுறேன். 2017-ல் லோரியல் அதை பிரேசில் நாட்டு நட்டூரா கம்பெனிக்குச் சுமார் 100 கோடி யூரோவுக்கு வித்துச்சு. நட்டூராவாலும் தாங்க முடியலை. 2023 நவம்பரில் ஆரேலியஸ் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு 20 கோடியே 70 லட்சம் பவுண்டு என்று விலை பேசினாங்க. 2006-ல் கொடுத்த விலையில் மூணில் ஒரு பங்குகூட இல்லை பாருங்க. ஆரேலியஸ் கைக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, 2024 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கம்பெனி நொடிச்சுப் போய் வெளியாட்கள் நிர்வாகத்துக்குப் போயிடுச்சு. பல கடைகளை மூடினாங்க. அந்த வருஷம் செப்டம்பரில் வேற ஒரு கூட்டணி வாங்கி நடத்துறாங்க.

கம்பெனி நொடிச்சா முதல்ல அடமானம் வச்சுக் கடன் கொடுத்தவங்க எடுத்துக்குவாங்க. சரக்கு அனுப்பிட்டு பில்லை வச்சுக்கிட்டு நிக்கிறவங்க வரிசையில் கடைசி. நிறுவனர் முகத்தைப் பார்த்து வருஷக்கணக்கா சரக்கு அனுப்பினவங்களுக்கு, நாலாவது முதலாளி முகம்கூடத் தெரியாது. வாடிக்கையாளர் விசுவாசம் என்று பேசுறப்ப சரக்கு செய்யுறவங்க விசுவாசத்தை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, சொல்லிட்டேன்.

இப்ப ஹமாமையும் பாடி ஷாப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் கை மாறினதுதான். ஒண்ணை வாங்குறவங்க வாசனைக்கும் நுரைக்கும் விலைக்கும் பக்கத்துக் கடையில் கிடைக்குதேன்னும் வாங்கினாங்க. அது இருக்கிற வரைக்கும் முதலாளி யாரா இருந்தாலும் அவங்களுக்குக் கவலை இல்லை. இன்னொண்ணை வாங்குறவங்க ஆளை நம்பி வாங்கினாங்க. ஆள் போனதும் நம்பிக்கையும் ஆட்டம் கண்டுடுச்சு. பெரிய கம்பெனி கோடி கோடியாக் கொட்டுறது இந்த நம்பிக்கைக்குத்தான். கிரீம் செய்யத் தெரியாமலா வாங்குறாங்க? நம்மைவிட நல்ல மிஷின், நல்ல லேப் அவங்ககிட்ட இருக்கு.

ஆனா முதலாளி மாறினது தெரியாமல் இருக்கிறவங்களுக்கும் ஒரு ஆபத்து இருக்கு. பழகின சோப்பு என்று உறையைத் திருப்பிப் பார்க்கிறதே இல்லை. எடை 100 கிராமா, 90-ஆ, யார் பார்க்கிறோம்? விலை அதே 10 ரூபாய், சோப்பு மட்டும் மெலிஞ்சுக்கிட்டே வரும். உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் போட்டிருப்பாங்க. சோப்பில் இருக்கிற கொழுப்புச் சத்தின் அளவு அது. 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70 ரெண்டாவது, 60 மூணாவது. "டாய்லெட் சோப்" என்று போடாமல் "பாத்திங் பார்" என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். இன்னைக்கு வீட்டுக்குப் போய் உங்க சோப்பு எதுன்னு பாருங்க. விசுவாசமா இருக்கலாம், கண்ணை மூடிக்கிட்டு இருக்க வேண்டாம்.

இன்னொரு கைமாற்றம், இது நமக்குப் பக்கத்துல. கேரளாவின் இந்துலேகா எண்ணெய், சீப்பு மூடி வச்ச பாட்டில், உங்களில் பாதிப் பேர் வீட்டில் இருக்கும். 2015 டிசம்பரில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் அதை வாங்க ஒப்பந்தம் போட்டப்ப 330 கோடி ரூபாய் விலை. அதோடு நிக்கலை. 2018 நிதியாண்டில் தொடங்கி 5 வருஷத்துக்கு, உள்நாட்டு விற்பனையில் 10 சதவீதமும் வித்தவங்களுக்கு என்று எழுதினாங்க. பெயரைக் கொடுத்தாலும் அந்தப் பெயர் சம்பாதிக்கிறதில் ஒரு பங்கு கேட்டு வாங்கியிருக்காங்க, பார்த்தீங்களா? 2025-ல் ஜெய்ப்பூரின் மினிமலிஸ்ட் கம்பெனியை அதே யூனிலீவர் வாங்குறப்ப 90.5 சதவீதப் பங்குதான் முதல்ல எடுத்தாங்க, தொடங்கின அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 2 வருஷம் கூட இருந்து நடத்தணும் என்று ஏற்பாடு. எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று பாட்டில் மேலேயே எழுதிப் பேர் வாங்கின கம்பெனி அது. ஆள் உடனே போனால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவாங்கன்னு வாங்குறவங்களுக்கே தெரியுது.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நம்ம பொடியை ஜனங்க எதுக்கு வாங்குறாங்க? வாசனைக்கா, ஆளுக்கா?

போன வருஷம் ஆடி மாசம் நடந்தது ஞாபகம் இருக்கா? கஸ்தூரி மஞ்சள் விலை ஏறிடுச்சுன்னு ஒரு ஈடுக்குச் சமையல் மஞ்சளைச் சேர்த்து அரைச்சோம். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சோம். அந்த முடிவில் நானும் இருந்தேன், மறைக்கலை. ஒரே வாரத்தில் தெரிஞ்சுடுச்சு. "முகம் மஞ்சளா அப்பிக்கிச்சு", "பழைய வாசனை இல்லையே" என்று பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க. அத்தனை பாக்கெட்டையும் மாத்திக் கொடுத்தோம். பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, ஆவாரம்பூ, வெட்டிவேர் எது குறைஞ்சாலும் மூக்காலேயே கண்டுபிடிக்கிற ஜனங்க அவங்க. அப்ப வாசனைக்குத்தான் வாங்குறாங்க.

ஆனா அதே சமயம், பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தவங்க யாரிடம் கொடுத்தாங்க? நம்ம வீட்டு வாசலுக்கு வந்து கொடுத்தாங்க. நம்மைத் திட்டிட்டு, அடுத்த மாசம் நம்மகிட்டேயே வாங்கினாங்க. பிள்ளை பெத்த வீட்டுக்காரங்க நம்ம பொடியைத் தேடி வர்றது எதுக்கு? பச்சைப்பிள்ளை உடம்புல தேய்க்கிறது, யார் கை பட்டு அரைச்சது என்று தெரியணும் அவங்களுக்கு. அப்ப ஆளுக்கும்தான் வாங்குறாங்க.

வியாபாரி பெயரை வாங்கிட்டுப் போயிட்டா, 2 வருஷம் நம்மகிட்டே பொடி எடுப்பார். சரி. மூணாவது வருஷம் எந்த ஊர் மில்லில் வேணும்னாலும் அரைச்சு, பயத்த மாவைக் கூட்டி, கஸ்தூரி மஞ்சளைக் குறைச்சு, அதே படம் போட்ட பாக்கெட்டில் அடைக்கலாம். நாம ஒண்ணும் கேட்க முடியாது. கேட்டு வாங்கின அந்த அம்மா திட்ட வர்றது நம்ம வாசலுக்குத்தான். அப்ப நாம, அது நாங்க செஞ்சது இல்லைங்க, என்று சொல்லிக்கிட்டு நிக்கணும்.

அதுக்காக வியாபாரியை விரட்டிடுங்கன்னு நான் சொல்லலை. அவர் ஒண்ணும் கெட்டவர் இல்லை, அவர் தொழிலை அவர் பார்க்கிறார். நமக்கும் டவுன் கடைகளுக்குச் சரக்கு கொண்டு போக வண்டி இல்லை, கடனுக்குச் சரக்கு விட்டு வைக்கத் தெம்பு இல்லை. மழைக்காலத்தில் பூ காயலைன்னா ஆர்டர் தவறுது. என் யோசனை இது: சரக்கை வேணும்கிற அளவு அவருக்குக் கொடுப்போம். அவர் சொந்தப் பெயரில் வித்துக்கட்டும். நம்ம பெயர் போட்டுத்தான் விக்கணும் என்றால் பொடி நம்ம கூடத்தில் அரைச்சதா இருக்கணும், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று நமக்குத் தனியா வரணும், அதை எழுத்துல போடணும். இந்துலேகாகாரங்க கேட்ட மாதிரி.

இன்னொரு முக்கியமான விஷயம், இதைக் கேட்டு எனக்கே தூக்கம் வரலை. நம்ம பெயரை நாம இன்னும் பதிவு செய்யலை. ஆறு வருஷமா விக்கிறோம், யாருக்கும் தோணலை. வேற யாராவது முந்திப் போய் டிரேட் மார்க் பதிவு செஞ்சுட்டா, முன்னாடியே பயன்படுத்தினது நாங்கதான் என்று பில், பேங்க் கணக்கு எல்லாம் காட்டி வாதாட சட்டத்தில் இடம் இருக்கு. ஆனா வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் யார் நடக்கிறது? பதிவுக் கட்டணம், உத்யம் பதிவு உள்ள சிறுதொழிலுக்கு இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். அது இல்லைன்னா 9,000. சோப்பு, அழகுப் பொருள் எல்லாம் மூணாவது வகையில் வருது. பதிவு 10 வருஷத்துக்கு, பிறகு புதுப்பிச்சுக்கலாம். பொடி தயாரிக்க நாம வாங்கியிருக்கிற உரிமம் நம்ம கூடத்துக்குக் கொடுத்தது. பெயரை வாங்குறவர் கூட அது போகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிடுறேன், ஏன்னா ரெண்டையும் குழப்பிக்கிட்டு ஒரு அக்கா போன வாரம் கேட்டாங்க.

பதிவு விண்ணப்பத்துக்கு வேண்டிய தாள் எல்லாம் ஆபீசில் வச்சிருக்கேன். முதல் வருஷத்து பில் புத்தகம் மட்டும் காணோம். பழைய கணக்காளர் வீட்டுப் பரணில் இருக்கலாம் என்கிறாங்க, வியாழக்கிழமை ரெண்டு பேர் போய்த் தேடணும். குளியல் பொடிக் குழுவில் ஒவ்வொருத்தரும் தன்னிடம் தவறாமல் வாங்குற பத்து வீட்டுக்குப் போய், எதுக்கு வாங்குறீங்க என்று ஒரே கேள்வி கேட்டு, அவங்க சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டு வாங்க. பொதுக்குழுவில் அதை வாசிச்சுட்டு அப்புறம் கை தூக்கலாம்.

சோறு ஆறுது. மீதி கேள்வியைச் சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க.